எடை மிஷினை உள்ளே கொண்டு வந்தவர்கள்

போன வாரம் என் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். மறதி நோய் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்காக நாங்கள் இணையத்தில் நடத்திய வகுப்பை இப்போது ஒரு செயலியாக மாற்றுகிறார்களாம். இனி எதிரே நர்ஸ் யாரும் உட்கார வேண்டியதில்லை. பாடம் தானாக ஓடும், கேள்வி தானாக வரும், பதிலைப் பொறுத்து ஆறுதலும் தானாக வரும்.

"சிஸ்டர், நீங்கதான் ஆரம்பத்துலேர்ந்து இருந்தவங்க. உங்க அனுபவத்தைப் பத்தி ரெண்டே நிமிஷம் பேசி ஒரு வீடியோ அனுப்பிடுங்க. பாசிட்டிவா இருக்கட்டும்" என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். யோசிக்க யோசிக்க எரிச்சல்தான் வந்தது. முப்பத்து நான்கு வருஷம் மனநலப் பிரிவில் நர்ஸாக இருந்தவள் நான். ரெண்டு நிமிஷத்தில் சிரித்த முகமாகச் சொல்லிவிட்டுப் போகிற அனுபவம் என்னிடம் இல்லை. இருப்பதைச் சொன்னால் அந்த வீடியோவைப் போட மாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

படிப்பு, பயிற்சி, முதல் சில வருஷங்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தாண்டிவிடலாம். பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீகள் "பிலோமினாவுக்கு வாய் ஜாஸ்தி, நர்ஸ் வேலைக்கு ஆகாது" என்றார்கள். அதற்காகவே நர்ஸ் வேலைக்குப் போனேன். ஊசி போட, மாத்திரை கொடுக்க, கலவரப்படுகிறவரைக் காயம் படாமல் பிடிக்க, எல்லாம் கற்றுக்கொண்டேன். ஆனால் வேலை என்றால் என்ன என்பதை டாக்டர் சந்தானத்திடம்தான் கற்றேன். அவர் மேல் எனக்கு இன்றைக்கு இருக்கிற கோபத்துக்கும் அதுதான் காரணம். ஒன்றும் தெரியாதவர் தப்புச் செய்தால் விட்டுவிடலாம். அவருக்கு எல்லாம் தெரியும்.

எங்கள் ஆஸ்பத்திரியில் மறதி நோய்க்கென்று வாரம் ஒரு நாள் தனியாகப் பார்ப்போம். அறைக்குள் நாலு நாற்காலி. எடை பார்க்கும் மிஷின் மட்டும் அறையில் இருக்காது. வராந்தாவின் கடைசியில், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கும். நான் அங்கே மாற்றலாகி வந்த புதிதில் அதைப் பார்த்து, இது என்ன கூத்து என்று நினைத்தேன். நடக்கவே தடுமாறுகிற வயதானவர்களை எடை பார்ப்பதற்காக அவ்வளவு தூரம் நடத்திக் கூட்டிப்போவானேன்? ஒரு மழை நாளில், வராந்தாவெல்லாம் சாரல் அடிக்கிறதே என்று நானே மிஷினைத் தூக்கி அறைக்குள் டாக்டர் மேஜைக்கு அருகே வைத்தேன். பாராட்டு வேறு எதிர்பார்த்தேன்.

டாக்டர் வந்தார், பார்த்தார். குரலை உயர்த்துகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. கோபம் வந்தால் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மூடுவார்.

"யார் இதை உள்ள கொண்டு வந்தது?"

"நான்தான் சார். தரை ஈரமா இருக்கு, யாராவது வழுக்கி விழுந்துட்டா..."

"தரையைத் துடைக்கச் சொல்லுங்க" என்றார். பிறகு அவரே குனிந்து மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் வைத்துவிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்தார். "அது எடை பாக்கறதுக்காக இல்ல சிஸ்டர். இன்னைக்கு எங்கூடவே உக்காருங்க, தெரியும்."

அன்றைக்கு முதலில் வந்தவர்கள் மருங்காபுரிப் பக்கத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்த தம்பதி. மனைவி கணவருடைய வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டே வந்தார், எங்கேயாவது நழுவிப் போய்விடுவார் என்று. டாக்டர் முதலில் நோயாளியிடம்தான் பேசினார். என்ன பயிர் வைத்தீர்கள், கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்றெல்லாம் மரியாதையாகக் கேட்டார். பக்கத்தில் இருந்த அந்த அம்மாள் எல்லாவற்றுக்கும், "நல்லாருக்காருங்க, ஒண்ணும் தொந்தரவு இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "ஐயா, ஒரு தடவை எடை பாத்துட்டு வந்துடுங்க" என்றார் டாக்டர். வார்டு உதவியாளர் செபாஸ்தியான் கையைப் பிடித்து அழைத்துப் போனார். மெதுவாக நடக்க வேண்டும், ரெண்டு தடவை எடை பார்க்க வேண்டும், பிறகு மருந்து ஜன்னலில் நின்று ரெண்டு வார்த்தை பேச வேண்டும் என்பது செபாஸ்தியானுக்கு நிரந்தர உத்தரவு. போய் வர எட்டு நிமிஷம் ஆகும்.

கதவைச் சாத்தினேன். டாக்டர் நோயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "நீங்க காலையில சாப்டீங்களாம்மா?" என்றார். அப்புறம் சும்மா இருந்தார்.

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். "கட்டையெடுத்து அடிக்கிறாருங்க. நான் யாரோ அவரு பொஞ்சாதிய கொன்னுட்டு வந்து உக்காந்திருக்கேனாம். அவரு முன்னாடி எப்புடிங்க சொல்றது? நாளைக்கு நல்லாகிட்டார்னா அசிங்கமா நினைக்க மாட்டாரா?"

இத்தனை வருஷம் வேலை பார்த்ததில் நான் கற்ற மிகப் பெரிய பாடம் அதுதான். பார்த்துக்கொள்கிறவர், பார்த்துக்கொள்ளப்படுகிறவரின் முன்னால் உண்மையைச் சொல்ல மாட்டார். பொய் சொல்லும் எண்ணத்தினால் அல்ல. ஒரு மனிதரின் மானத்தை அவர் எதிரிலேயே உடைக்க மனசு வராது. அதனால் அவரை முதலில் வெளியே அனுப்ப வேண்டும், அதுவும் அவருக்கு அவமானமாகத் தோன்றாதபடி அனுப்ப வேண்டும். அதற்குத்தான் எடை மிஷின். பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்த எட்டு நிமிஷங்களில் நாங்கள் கேட்டதை வெளியே சொன்னால் பாதி ஊருக்குத் தூக்கம் வராது.

அப்புறம் தொற்று நோய்க் காலம் வந்தது. வெளிநோயாளிப் பிரிவை மூடினார்கள். மறதி நோய்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு யாரும் வர முடியவில்லை. இணைய வகுப்பு அப்போது வந்ததுதான். வெளியூர் அறக்கட்டளை ஒன்று உதவியது. எட்டு வாரம், எட்டுப் பாடம். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லாரும் திரையில் கூடுவது. நான் நடத்துவேன், டாக்டர் சந்தானம் கடைசிப் பத்து நிமிஷம் வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்வார். தொற்று அடங்கி வெளிநோயாளிப் பிரிவைத் திறந்த பிறகும் வகுப்பை விடவில்லை. வருபவர்களின் எண்ணிக்கை பார்க்க அழகாக இருந்தது.

இணையத்தின் மேல் எனக்கு வெறுப்பில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கிழவி ஏதோ புலம்புகிறாள் என்பீர்கள். காட்டூரில் எங்கள் தெருவிலேயே ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், எங்கள் பங்குக் கோயில்காரர், மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டியைக் குளிப்பாட்டுவதைப் பற்றிச் சர்ச்சில் யாரிடம் கேட்பார்? மாடியறையில் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் மாட்டிக்கொண்டு, நோட்டுப் புத்தகம் வைத்துக் குறிப்பெடுத்தார். அவருக்கு அந்த வகுப்பு கைகொடுத்தது. சொந்தமாக ஒரு போனும், சாத்திக்கொள்ள ஒரு கதவும் இருப்பவர்களுக்கு அது நல்ல வகுப்புதான்.

ஆனால் பாடங்களைப் பார்க்கும்போதே எனக்கு வயிறு எரியும். எங்கோ எடுத்த படத்துக்குத் தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். குளிப்பாட்டும் பாடத்தில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா, தொட்டி நிறைய நுரைக்குள் உட்கார்ந்து சிரிப்பார். "தொட்டியின் விளிம்பில் கைப்பிடி பொருத்தவும்" என்று ஒரு குரல் சொல்லும். பக்கெட்டும் சொம்புமாகக் குளிக்கிற ஊரில் எந்த விளிம்பில் எதைப் பொருத்துவது? டாக்டரிடம் சொன்னேன். "அடுத்த கட்டத்துல மாத்திக்கலாம் சிஸ்டர்" என்றார். அடுத்த கட்டம் வந்தபோது குரல் கொடுத்தவரைத்தான் மாற்றியிருந்தார்கள்.

அந்த வகுப்பில்தான் ஸ்ரீரங்கத்துக் குடும்பம் ஒன்று சேர்ந்தது. மகன் ராகவன், வங்கி அதிகாரி. அவருடைய அப்பா, கோயிலில் கோஷ்டியோடு பிரபந்தம் சேவித்தவர், பெரிய மனிதர். அவருக்குத்தான் மறதி நோய். பேரனின் பெயர் போய்விட்டது, சாப்பிட்டது போய்விட்டது, ஆனால் பாசுரம் ஒரு எழுத்து பிசகவில்லை. பெயர் பதியும் படிவத்தில் "முதன்மைப் பராமரிப்பாளர்" என்ற இடத்தில் ராகவன் தன் பெயரைப் போட்டிருந்தார். போன் அவருடையது, மெயில் அவருடையது, வீட்டுக்குத் தலைவரும் அவர்தான். பிறகு வேறு யார் பெயரை எழுதுவார்? திரையில் அந்த வீட்டுச் சதுரத்துக்குக் கீழே "ராகவன், ஸ்ரீரங்கம்" என்று வரும்.

சதுரத்துக்குள் மூன்று பேர் தெரிவார்கள். சாப்பாட்டு மேஜையில் ஒரு பித்தளைச் சொம்பின் மேல் போனைச் சாய்த்து வைத்து, நடுவில் ராகவன், ஒரு பக்கம் அவர் அப்பா, மறுபக்கம் கொஞ்சம் பின்னால் தள்ளி, பாதி முகம் வெட்டுப்பட்டு, மருமகள். பெரியவர் நெற்றியில் பளிச்சென்று திருமண் இட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "அப்பாவை ஒதுக்கி வைக்கப்படாதுன்னு நீங்கதானே சொன்னேள் சிஸ்டர், அதான் கூடவே உக்கார வச்சுக்கறோம்" என்பார் ராகவன். பெரியவர் ரெண்டு பாசுரம் சேவிப்பார். எல்லாச் சதுரங்களிலும் கைதட்டல் படம் பறக்கும். நானும் தட்டினேன்.

"நீங்க எப்படி இருக்கீங்க?" என்று மருமகளைக் கேட்பேன்.

"நன்னா இருக்கேன் சிஸ்டர்."

ஒவ்வொரு வாரமும் படிவம் ஒன்று நிரப்ப வேண்டும். தூக்கம், கோபம், அடிப்பது, அழுவது, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை. அந்த வீட்டிலிருந்து வந்ததெல்லாம் பூஜ்யம். "மிக நன்றாகச் சமாளிக்கிறார்கள்" என்று என் கைப்படக் குறித்திருக்கிறேன்.

மூன்றாவது வாரத்திலிருந்து ஒரு சின்னத் தகராறு வந்தது. நான் கேள்வி கேட்டால் மருமகள், "என்ன சிஸ்டர்? கேக்கலை" என்பார். முகத்தைத் திருப்பி முன்னால் சாய்வார். மறுபடி கேட்பேன். "விட்டு விட்டு வரது சிஸ்டர்" என்பார் ராகவன். நான் என்ன செய்தேன் தெரியுமா? குறிப்பேட்டில் "நெட்வொர்க் சரியில்லை" என்று எழுதினேன். நாலாவது வாரமும் எழுதினேன். ஐந்தாவது வாரம் ரொம்ப அக்கறையாக ஒரு யோசனையும் சொன்னேன்: "ஒரு ஹெட்போன் வாங்கிக் குடுத்துடுங்க சார், அவங்களுக்குத் தெளிவா கேக்கும்."

எட்டு வாரமும் ஒரு நாள் தவறாமல் வந்த குடும்பம் அதுதான். அதனால் அதை முன்மாதிரிக் குடும்பம் என்று டாக்டர் தேர்ந்தெடுத்தார். அறக்கட்டளைக்கு அனுப்பும் அறிக்கையில் அவர்கள் படம் வர வேண்டும். சான்றிதழையும் போட்டோகிராபரையும் கூட்டிக்கொண்டு நான் ஸ்ரீரங்கம் போனேன். வகுப்பு தொடங்கிய பிறகு ஒரு குடும்பத்தை அவர்கள் வீட்டிலேயே போய்ப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

உத்தர வீதியில் வீடு. காலை பத்து மணி. ராகவன் லீவு போட்டுவிட்டு வாசலிலேயே காத்திருந்தார். பெரியவர் கூடத்தில் நாற்காலியில் இருந்தார், பளபளவென்று. "திரு. ராகவன் அவர்களுக்கு" என்று அச்சிட்ட சான்றிதழைக் கொடுத்தேன். போட்டோகிராபர் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார். மருமகளின் இடது பக்கத்தில் நான் நின்றேன். சும்மா நிற்க வேண்டாமே என்று தணிந்த குரலில், "சமையல் எல்லாம் முடிஞ்சுதாம்மா?" என்றேன்.

பதில் இல்லை. சத்தம் எட்டவில்லை போல என்று கொஞ்சம் உரக்கக் கேட்டேன். அவர் நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றார்.

எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. போன் இல்லை, சிக்னல் இல்லை, விட்டு விட்டு வருவதற்கு அங்கே எதுவும் இல்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷப் பழக்கம் சட்டென்று கை கொடுத்தது. எடை மிஷின் இல்லை, ஆனால் கேமரா இருந்தது. "சார், அப்பாவை வாசல்ல நிக்க வச்சு, பின்னாடி கோபுரம் தெரியற மாதிரி ஒண்ணு எடுங்களேன். நீங்களும் கூட நில்லுங்க, பொறுமையா நாலஞ்சு எடுக்கட்டும்" என்றேன். ராகவனுக்குச் சந்தோஷம். அப்பாவின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். போட்டோகிராபரைப் பார்த்து, அவசரப்படாதே என்று கண்ஜாடை காட்டினேன். மருமகளை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போய், இந்தத் தடவை வலது பக்கமாக நின்று கேட்டேன்.

"நீங்க காலையில சாப்டீங்களா?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு இடது காதைக் கையால் மூடிக்கொண்டார்.

"ரெண்டு மாசமா இந்தப் பக்கம் கேக்கலை சிஸ்டர்."

நிதானமாகத்தான் சொன்னார். அழக்கூட இல்லை. மாமனாருக்கு விடிகாலையில் படுக்கை நனைந்துவிடும். வேட்டியை மாற்றிக் குளிப்பாட்ட வேண்டும், அவர்கள் பேச்சில் தீர்த்தமாட்ட வேண்டும். அவருக்கோ அந்த நேரத்தில் மருமகள் யாரென்று தெரியாது. தீர்த்தமாடித் திருமண் இட்டுப் பெருமாளைச் சேவிக்கும்வரை யாரையும் தொடாதவர், ஆயுசு முழுக்க அப்படி இருந்தவர். யாரோ ஒரு பெண்பிள்ளை தன் மடி ஆசாரத்தைக் கெடுக்க வருகிறாள் என்று அவருக்குத் தோன்றும். கையை ஓங்குவார். தினமும் ஓங்குவார். அன்றைக்கு ஓங்கியது காதில் விழுந்தது.

"வீல்னு ஒரு சத்தம். அப்பறம் தலகாணியெல்லாம் ஈரம். நல்லெண்ணெய் காய்ச்சி விட்டுண்டேன்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லலை? வாரா வாரம் கேட்டேனே?"

"எங்கே சொல்றது சிஸ்டர்? போன் அவர் கையில. மாமனார் பக்கத்துல உக்காந்துண்டு இருக்கார். அவரைப் பத்தி அவர் காதுபட எப்படிச் சொல்லுவேன்? நீங்கள்லாம் வேற கைதட்டிண்டு இருந்தேள்."

அவரே மேலே சொன்னார்.

"நீங்க ஹெட்போன் வாங்கச் சொன்னேளே, வாங்கிண்டு வந்தார். மாட்டிண்டேன். இடது பக்கம் கேக்கலைன்னேன். இது ரிப்பேர்னு மலைக்கோட்டைக் கடையில குடுத்து வேற மாத்திண்டு வந்தார். அதுலயும் கேக்கலை. கடைக்காரன் ஏமாத்தறான்னு அவனோட போய் ஒரு சண்டை."

இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அந்த அடுக்களைச் சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. காது போன பெண்ணுக்கு ரெண்டு ஹெட்போன் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். யோசனை என்னுடையது.

அவர்கள் வாசலிலிருந்து திரும்பி வந்ததும் ராகவனைத் தனியாகக் கூப்பிட்டேன். மரியாதையாகப் பேச வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன், முடியவில்லை. "எட்டு வாரம் கிளாஸ்ல முதல் ஆளா உக்காந்தீங்களே சார், ஒரு நாளாவது உங்க அப்பாவை நீங்க குளிப்பாட்டியிருக்கீங்களா?"

"எங்கிட்ட அவ ஒரு வார்த்தை சொல்லலையே சிஸ்டர். வழுக்கி விழுந்துட்டேன்னுதான் சொன்னா."

"அடிக்கிறாரான்னு அந்தப் படிவத்துல கேள்வி இருந்துதே. யாரைக் கேட்டு பூஜ்யம் போட்டீங்க?"

"எனக்குத் தெரிஞ்சதைப் போட்டேன்" என்றார். பிறகு, "அப்பாவை அந்தக் கோலத்துல என்னால பாக்க முடியலை சிஸ்டர்" என்றார்.

அது பொய்யில்லை, உண்மையான வேதனைதான். எனக்கும் புரிந்தது. ஆனால் அவர் பார்க்க முடியாததை வேறொருத்தி தினமும் பார்க்க வேண்டியிருந்தது, அதற்குச் சான்றிதழ் அவர் பெயரில் வந்தது. அப்படியே சொல்லிவிட்டுத்தான் வந்தேன். மறுநாளிலிருந்து விடிகாலையில் அப்பாவை நீங்கள்தான் குளிப்பாட்ட வேண்டும், எழுந்ததும் திருமண் பெட்டியையும் கண்ணாடியையும் முன்னால் வையுங்கள், தண்ணீரை அவர் கையாலேயே சொம்பில் எடுத்து ஊற்றிக்கொள்ளட்டும், நீங்கள் பின்னால் நின்று முதுகுக்கு மட்டும் ஊற்றுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். மகன் கைபட்டால் பெரியவர் ஓங்க மாட்டார் என்று நினைத்தேன், அப்படியேதான் நடந்தது. ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடக்கூடிய விஷயம். எட்டு வாரத்தில் யாருக்கும் சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. எங்கள் பாடத்தில் நுரைத் தொட்டிதான் இருந்தது.

காது டாக்டர் பார்த்துவிட்டுச் செவிப்பறையில் ஓட்டை என்றார். உடனே வந்திருந்தால் தண்ணீரும் எண்ணெயும் படாமல் பார்த்துக்கொண்டு விட்டிருக்கலாம், தானாகவே மூடியிருக்கலாம் என்றார். இப்போது சீழ் வைத்துவிட்டது. ஆபரேஷன் செய்தார்கள். ஓட்டை மூடியது, பழைய காது முழுசாகத் திரும்பி வரவில்லை.

காது டாக்டரைப் பார்த்த அன்றைக்கே டாக்டர் சந்தானத்தின் அறைக்குப் போனேன். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் எப்போதும் அப்படித்தான்.

"ரொம்ப வருத்தமா இருக்கு சிஸ்டர். ஆக வேண்டிய வைத்தியத்தைப் பாருங்க."

"அறிக்கையில என்ன சார் எழுதறது?"

"அறிக்கை அவங்க குடுத்த பதிலை வச்சுத்தானே போகுது."

"அந்தப் பொண்ணு பதிலே குடுக்கலை சார். அவங்க வீட்டுக்காரர் குடுத்தது. இந்த ஒரு வீடு மட்டும்தான் இப்படின்னு நாம எப்படிச் சொல்ல முடியும்? பாதிப் பேரு ஆம்பளைங்க பேர்லதான் பதிஞ்சிருக்காங்க. பாத்துக்கறது யாருன்னு நமக்கே தெரியாது."

பேனா மூடியைக் கழற்றி மூடினார். "இது பெருசா போக வேண்டிய திட்டம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் அனுப்ப முடியுமா, சொல்லுங்க? ஒரு குடும்பத்துல நடந்ததை வச்சு மொத்தத்தையும் குறை சொல்ல வேண்டாம்."

அப்போதுதான் எனக்குப் பொறுமை போயிற்று. அவர் எதிரில் நான் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். "எடை மிஷினை உள்ள கொண்டு வந்துட்டீங்க சார்" என்றேன். "அன்னிக்கு என்னைத் திட்டினீங்க. இன்னிக்கு நீங்களே கொண்டு வந்து நடுக்கூடத்துல வச்சுட்டீங்க. நானும் ஒரு பக்கம் பிடிச்சுத் தூக்கிட்டு வந்தேன்."

அவருக்கு நான் சொன்னது புரிந்தது என்பது முகத்தில் தெரிந்தது. புரிந்த பிறகும் அறிக்கை அப்படியேதான் போயிற்று, வாசலில் எடுத்த படத்தோடு. தகப்பனும் மகனும் சிரிக்கிறார்கள், பின்னால் கோபுரம் தெரிகிறது. அந்தப் படத்தை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் உள்ளே அடுக்களையில் என்ன நடந்தது என்பது அதைப் பார்க்கிற யாருக்கும் தெரியாது.

நான் ஒன்று மட்டும் செய்தேன். வகுப்பில் பதிந்திருந்த ஒவ்வொரு வீட்டிலும், உண்மையில் வேலை செய்கிறவர் யார், அவர் எந்த நேரத்தில் தனியாக இருப்பார் என்று விசாரித்து நானே போன் செய்ய ஆரம்பித்தேன். ஒருத்தி பால் வாங்கப் போகும்போது பேசுவாள், ஒருத்தி மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது பேசுவாள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "பக்கத்துல யாராவது இருக்காங்களா?" இருக்கிறார்கள் என்றால் சமையல் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவேன். இல்லை என்றால் காத்திருப்பேன். கேட்டதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன், அது அவர்கள் சொத்து. பூஜ்யம் என்று வந்த வீடுகளில் பல பூஜ்யமாக இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

டாக்டர் தடுக்கவில்லை, சேர்த்துக்கொள்ளவும் இல்லை. "உங்க நேரத்துல, உங்க போன்ல பண்ணிக்குங்க சிஸ்டர்" என்றார். நான் ஓய்வு பெற்ற அன்றோடு அது நின்றுபோயிற்று. அடுத்து வந்தவரிடம் சொல்லிக் கொடுத்தேன். அவருக்கு இருக்கிற வேலைக்கு நடுவில் எங்கே செய்வார்? இப்போது செயலி வந்துவிட்டது. "இன்று எப்படி இருக்கிறீர்கள்?" என்று அது எந்த நேரத்தில் வேண்டுமானாலும் கேட்கும். போனை யார் கையில் வைத்திருக்கிறார் என்று கேட்காது. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் அதற்குத் தெரியாது. கேட்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தவரும் இல்லை.

ஸ்ரீரங்கத்துப் பெரியவர் போன வருஷம் பரமபதித்துவிட்டார். கடைசிவரை மகன்தான் குளிப்பாட்டினார் என்பதையும் சொல்ல வேண்டும், ராகவனைப் பற்றித் திட்டி மட்டும் எழுதினால் நியாயமாகாது. வகுப்பில் கற்காததை அந்தக் குளியலறையில் கற்றுக்கொண்டார். ஆனால் சான்றிதழ் இன்னமும் அவர்கள் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறதாம். யாரும் கழற்றவில்லை.

இந்தக் கட்டுரையை எழுத உட்காருவதற்கு முன் அந்த மருமகளுக்குப் போன் செய்தேன். "என்ன, இருங்கோ சிஸ்டர்" என்று போனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டார். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். "அவர் இருக்கார். இருக்கட்டும், சொல்லுங்கோ" என்றார். நடந்ததை எழுதப்போகிறேன், உங்களுக்குச் சங்கடம் வராமல் பெயரை மாற்றி எழுதிவிடுகிறேன் என்றேன்.

"அவர் பேரை வேணும்னா மாத்திக்கோங்கோ. என் பேரை மாத்தாதீங்கோ" என்றார். "எட்டு வாரமும் அந்தக் கட்டத்துக்குக் கீழே அவர் பேர்தான் இருந்தது. சர்டிபிகேட்லயும் அவர் பேர்தான். எங்கேயாவது ஒரு எடத்துல என் பேர் இருக்கட்டும்."

அவர் கணவருக்கு ராகவன் என்பது நான் வைத்த பெயர். அவர் பெயர் வைதேகி.